பச்சோந்தி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகக் குழுவினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல ஸ்காபரோ நூலக அறையில் நடந்தன. பனி கொட்டிய மாதத்தில் மட்டும் ஒத்திவைத்தோம். கோடை ஒன்றுகூடல் நடந்தது. மிருக வைத்தியர் ஒருவர் வந்து குடற்புழுக்களைப் பற்றி உரையாற்றினார். பழைய கூண்டுகளைக் கைமாற்றும் நாளும் நல்லபடி முடிந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பார்சன் பச்சோந்திகளுக்கான வகைப் பதிவேடு. அங்கத்தவர்களிடம் உள்ள ஒவ்வொரு விலங்கும் எந்த வகை, அதன் பெற்றோர் எவை என்று படத்துடன் குறித்துவைப்பது அது. இதை நான் முன்மொழிந்தபோது, "பார்த்தாலே தெரியுமே, பதிவேடு எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். பார்த்தால் தெரியாது என்பதுதான் விசயமே. மடகஸ்காரின் கிழக்கு மழைக்காடுகளில் வாழும் இந்த இனத்தின் ஆண் 60 சென்ரிமீற்றரையும் தாண்டலாம். வளர்ப்போரிடையே மஞ்சள் உதடு, செம்மஞ்சள் கண், மஞ்சள் ஜயன்ற் (இராட்சதன்), பச்சை ஜயன்ற் என்று பெயர்கள் புழங்குகின்றன. இந்தப் பெயர்கள் எல்லாம் வளர்ப்பிலும் வியாபாரத்திலும் பிறந்தவை. நூல்கள் பிரித்து வந்தது இரண்டு கிளையினங்களாக மட்டுமே. அவற்றில் ஒன்று, 1913இல் விவரிக்கப்பட்ட கிரிஸ்ரிஃபர். அந்தசிபே பக்கத்தில் காணப்படும் அது உருவில் சிறியது. முதுகு நெடுகச் சிறு முகடு உண்டு. மற்றதற்கு அந்த முகடு இல்லை.

குஞ்சுகளிலோ எதையும் சொல்ல முடியாது. மங்கிய நிறத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் முழு நிறம் காட்ட இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். நம் அங்கத்தவர் ஒருவர் மஞ்சள் ஜயன்ற் என்று நம்பிப் பெரும் பணம் கொடுத்து ஒரு குஞ்சு வாங்கினார். அது வளர்ந்தபோது உடல் நீலப்பச்சையாகி, விலாவில் சாய்ந்த கருங்கோடுகள் தெரிந்தன. மேலுதட்டின் ஓரத்தில் மஞ்சள் கோடு தெளிவாக ஓடியது. அது மஞ்சள் உதடுதான். விற்றவரிடம் தாய் தகப்பனின் படம் கேட்டபோது பதில் வரவில்லை.

பணம் போனதோடு முடியும் விசயமல்ல இது. தொண்ணூறுகளின் நடுவில் மடகஸ்காரிலிருந்து பார்சன் உட்படப் பெரும்பாலான பச்சோந்தி இனங்களின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அதனால் நம்மிடம் உள்ள பரம்பரைகளைக் கவனமாகக் காப்பாற்ற வேண்டும். முட்டை பொரிக்கவே ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு எடுக்கும். வகை தெரியாமல் சோடி சேர்த்தால், என்ன பிறந்தது என்று அறிவதற்குள் நாலு ஆண்டு போய்விடும்.

அதனால்தான் பதிவேட்டுக்காக உங்களிடம் படம் கேட்டேன், பலமுறை கேட்டேன். காலையில் விளக்குப் போடுமுன், யன்னல் வெளிச்சத்தில், விலங்கைக் கையில் தூக்காமல் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். கண் மேடும் உதட்டோரமும் தெளிவாகத் தெரிய வேண்டும். பயந்த பச்சோந்தி கறுத்துவிடும், அந்தப் படத்தால் பயனில்லை. வாங்கிய திகதி, பெற்றோர் விபரம் தெரிந்தால் அதையும் எழுதச் சொன்னேன். இவ்வளவு சொல்லியும் மிகச் சிலரே அனுப்பினார்கள். அனுப்பியவற்றிலும் பாதி, சூட்டு விளக்கின் கீழ் எடுத்தவை. அந்த ஒளியில் எல்லாக் கண்ணும் செம்மஞ்சள்தான். வளர்ந்த சோடி வைத்திருக்கும் மூத்த அங்கத்தவர்கள் சிலர் ஆண்டு முழுவதும் கூட்டத்துக்கே வரவில்லை. அவர்களின் விலங்குகள் இல்லாமல் பதிவேடு அரைகுறைதான். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கணக்கு விபரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். மண்டப வாடகை கூடியிருக்கிறது. கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. காரணம், நிலுவையில் உள்ள சந்தா. சிலர் இரண்டாம் ஆண்டாகவும் கட்டவில்லை. முட்டைகளை அளவான வெப்பத்தில் அடைகாக்கக் கூட்டாக வாங்க இருந்த குளிர்பெட்டியை அதனால் தள்ளிப்போட்டோம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த குடும்பங்களுக்கும், படங்களை ஒழுங்குபடுத்தித் தந்த இளையவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். பதிவேட்டை விட்டுப்போக மனமில்லை. ஆனால் வேலையோடு சேர்த்து இதைத் தனியாகத் தூக்க என்னால் முடியாது. படங்களைச் சேகரிக்க ஒருவரும் பரம்பரைக் குறிப்பு எழுத ஒருவரும் முன்வந்தால் சம்மதிப்பேன். பெயர் கொடுக்க விரும்புவோர் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள். பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார்.