மாடு கூட இழுக்காது

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. மற்றப் புதினங்களை போனிலை கதைப்பம், இது சின்னவன்ரை கேள்விக்காக எழுதுறன்.

"மாடு வண்டியை எவ்வளவு இழுக்குதோ அவ்வளவு வண்டியும் மாட்டைப் பின்னுக்கு இழுக்குமெண்டால், வண்டி எப்பிடி அப்பம்மா போகும்?" எண்டு கேட்டவன். நீ இடையிலை புகுந்து, "மாடு கொஞ்சம் கூட இழுக்கும்" எண்டு சொல்லிப்போட்டாய். உயர்தரத்திலை கணிதப்பிரிவு படிச்ச பிள்ளை சொல்லுற கதையே இது? பெடியன் முகத்தைச் சுழிச்சது சரிதான்.

மாடு கூட இழுக்காது. மாடு வண்டியை 300 நியூற்றனாலை (நியூற்றன் எண்டால் விசையை அளக்கிற அலகு) இழுத்தால் வண்டியும் மாட்டை 300 நியூற்றனாலைதான் பின்னுக்கு இழுக்கும். ஓடினாலும் அப்பிடித்தான், நிண்டாலும் அப்பிடித்தான். மாடு இழுக்கிற தாக்கம் முதல், வண்டி திருப்பி இழுக்கிற மறுதாக்கம் பிறகு எண்டும் இல்லை. இரண்டும் ஒரே கணத்திலை.

அப்ப ஏன் இரண்டு விசையும் ஒண்டையொண்டு வெட்டுப்படேல்லை? ஒண்டு வண்டியிலை, மற்றது மாட்டிலை. உன்ரை கடனை அடுத்த வீட்டுக்காரன்ரை வரவிலை கழிக்கேலாது. வண்டி போகுமோ எண்டு பார்க்க, வண்டியிலை தாக்கிற விசையளை மட்டும் எடுக்க வேணும். மாட்டின்ரை கணக்கு வேறை.

சின்னவனுக்கு ஒரு படம் கீறி, இந்த எண்ணுகளைப் போட்டுக் காட்டு. சுமையோடை வண்டி 400 கிலோ, சோடி மாடு 600 கிலோ. முன்னுக்கு இழுவை 300, வண்டிக்குத் தடை 200. மிச்சம் 100 நியூற்றன் 400 கிலோவைத் தள்ளினால் ஆர்முடுகல், அதாவது வேகம் கூடுற வீதம், 0.25 (ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 0.25 மீற்றராலை கூடும்). மாட்டுக்கு? வண்டி பின்னுக்கு இழுக்கிறது 300. அதுவும் அதே 0.25 ஆலை முன்னுக்குப் போக வேணுமெண்டால் ஆரோ அதை 450 நியூற்றனாலை முன்னுக்குத் தள்ள வேணும். ஆர் தள்ளுறது? நிலம்.

மாட்டுவண்டிச் சவாரித் திடலிலை நீ மதிலிலை ஏறியிருந்து பார்த்தனி. வெளிக்கிடேக்கை மாடு பின்னங்காலை ஊண்டி உன்னும், குளம்பு மண்ணுக்குள்ளை இறங்கும், புழுதி முழுக்கப் பின்னாலைதான் பறக்கும். மாடு நிலத்தைப் பின்னுக்குத் தள்ளுது, நிலம் மாட்டை முன்னுக்குத் தள்ளுது. உங்கை ரொறன்ரோவிலை ஐஸிலை கார் சில்லு சும்மா சுத்திக்கொண்டு நிக்குமே, அதுவும் இதுதான். றோட்டைப் பின்னுக்குத் தள்ளப் பிடி இல்லை, அதாலை றோட்டும் காரைத் தள்ளாது. உராய்வு எண்டால் எப்பவும் தடைதான் எண்டு பிள்ளையள் பாடமாக்கி வைச்சிருக்குதுகள். எனக்கு அதுதான் எரிச்சல்.

சின்னவன் கேட்டது லேசுப்பட்ட கேள்வி இல்லை. 1687 இலை நியூற்றன், தாக்கமும் மறுதாக்கமும் சமன் எண்ட இந்த விதியை எழுதேக்கை கயிறு கட்டிக் கல்லை இழுக்கிற குதிரையைத்தான் உதாரணமாய்ச் சொன்னவர். கல்லும் குதிரையை அதேயளவு இழுக்கும் எண்டு. அவனுக்குச் சொல்லு, சந்தோசப்படுவான்.

இன்னொண்டு. மேசையிலை கிடக்கிற புத்தகத்தின்ரை நிறையும் (பூமி அதைக் கீழை இழுக்கிற விசை), மேசை அதை மேலை தள்ளுற விசையும் தாக்கம் மறுதாக்கச் சோடி எண்டு கனபேர் எழுதுவினம். இல்லை. இரண்டும் ஒரே புத்தகத்திலை தாக்கிறது, எப்பிடிச் சோடியாகும்? உங்கடை மாடி லிப்ற் மேலை கிளம்புற கணத்திலை கையிலை புத்தகத்தை வைச்சுப் பார்க்கச் சொல்லு, கனக்கும். நிறை மாறேல்லை, கையின்ரை தள்ளு மட்டும் கூடியிருக்கு. உண்மையான சோடி எண்டால் அப்பிடி ஒண்டு மட்டும் கூடாது. நிறைக்குச் சோடி, புத்தகம் பூமியை மேலை இழுக்கிற விசை.

ஓம், பூமியைத்தான். வளவிலை ஒரு கிலோ பனம்பழம் விழேக்கை பூமி அதை ஏறக்குறைய 10 நியூற்றனாலை இழுக்குது, பழமும் பூமியை 10 நியூற்றனாலை மேலை இழுக்குது. பழம் பத்து மீற்றர் கீழை வாறதுக்குள்ளை பூமி அசையிற தூரம் ஒரு அணுக்கருவின்ரை பருமனிலும் கோடி மடங்குக்கு மேலை சிறிசு. விசை சமன், திணிவு சமனில்லை, அவ்வளவுதான் விசயம். இதைச் சொன்னால் சின்னவன் சிரிப்பான், ஆனால் மறக்கமாட்டான்.

விளங்கீற்றுதோ எண்டு பார்க்க நான் ஒரு கேள்வி தாறன். கடல் அசையாமல் கிடக்குது. இரண்டு வள்ளம், ஒண்டு பாரம், மற்றது வெறுமை. நடுவிலை ஒரு கயிறு. பார வள்ளத்திலை நிக்கிறவன் மட்டும் கயிற்றை இழுக்கிறான், மற்ற வள்ளத்திலை கயிறு கட்டிக் கிடக்குது. எந்த வள்ளம் அசையும், எது கூட அசையும்? விடையை நீ சொல்லிக் குடுத்திடாதை. அவன் எனக்கு போனிலை சொல்லட்டும்.

அன்புடன்
அம்மா