கையெழுத்தோடு முடிவதில்லை சமரசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய அரசியலில் மிதவாதத்துக்கு இடமில்லை, விட்டுக்கொடுப்பவர் தோற்றுப்போவார் என்ற பேச்சு மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஓயாமல் கேட்கிறது. முறிந்துபோன ஒப்பந்தங்களை இதற்குச் சான்றாக அடுக்குகிறார்கள். முறிந்தவை நிறையத்தான். ஆனால் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் முறிந்தது என்று பார்த்தால், கையெழுத்துக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பதற்கு யாரும் ஏற்பாடு செய்யாமல் போனதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

1957 ஜூலை 26 அன்று இலங்கையில் கையெழுத்தான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி சமஷ்டிக் (கூட்டாட்சிக்) கோரிக்கையை அப்போதைக்கு ஒதுக்கிவைத்தது; அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தையும் நிறுத்தியது. பிரதமர் பண்டாரநாயக்க தன் பக்கத்தில் பிரதேச சபைகளுக்கும், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம் நடப்பதற்கும், குடியேற்றத் திட்டங்களில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம் தருவதற்கும் இணங்கினார். இரு தரப்புக்குமே உள்ளுக்குள் வலித்த உடன்பாடு அது. உள்ளடக்கத்தில் பெரிய கோளாறு இல்லை. கோளாறு மூன்று இடங்களில் இருந்தது. ஒன்று, அது இரண்டு தலைவர்களின் வாக்குறுதியாகவே நின்றது, சட்டமாகவில்லை. இரண்டு, எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி பேச்சில் இல்லை. வெளியே நிறுத்தப்பட்ட கட்சிக்கு அந்த ஒப்பந்தத்தைக் காப்பதால் ஒரு லாபமும் கிடையாது, எதிர்த்தால் வாக்கு உண்டு. அக்கட்சி கண்டியை நோக்கி ஊர்வலம் கிளம்பியது. மூன்று, பிரதமர் தன் ஆதரவாளர்களிடம் இதை விளக்கி ஒப்புதல் வாங்கவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டின் முன் அமர்ந்தபோது அவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் கலவரம் வெடித்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1965இல், அதே ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்க ஏறக்குறைய இதே தன்மையுள்ள உடன்பாட்டில் செல்வநாயகத்துடன் கையெழுத்திட்டார். இந்த முறை எதிர்த்துக் கிளம்பியது பண்டாரநாயக்கவின் கட்சி. உடன்பாட்டில் இருந்த மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது. ஆட்சியில் இருக்கும்போது சமரசம், எதிர்க்கட்சியானதும் அதே சமரசம் துரோகம். கொள்கையில் யாரும் மாறவில்லை, நாற்காலி மட்டும் இடம் மாறியது. இதைத்தான் ஏலப்போட்டி அரசியல் என்கிறோம். 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கேட்டது. மிதவாதம் பயனற்றது என்பதற்கு இந்த வரலாற்றைக் காட்டுவோர், மிதவாதிகளைத் தோற்கடித்த பிறகு அந்த நாடு கொடுத்த விலையையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

இதோடு இந்தியாவின் ஆட்சிமொழிச் சட்டத்தை ஒப்பிடலாம். அரசியலமைப்பு ஆங்கிலத்துக்கு 15 ஆண்டுக் கெடு வைத்தது. அன்றைய பிளவைத் தள்ளிப்போட்ட ஏற்பாடு அது; கெடுவுக்குப் பிறகும் ஆங்கிலம் தொடர்வதா என்பதை நாடாளுமன்றத்தின் முடிவுக்கே விட்டது, இந்தியை ஏற்காத மாநிலங்களின் கையில் எதுவும் இல்லை. 1965இல் அந்த நாள் வந்தபோது தமிழ்நாடு கொதித்தது. பின்னர் 1967இல் கொண்டுவந்த திருத்தம் வேறு வகை. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் போட வேண்டும். அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட வேண்டும். அதுவரை ஆங்கிலம் தொடரும். இந்தியின் தகுதியும் மாறவில்லை, அஞ்சியவர்களின் கையிலேயே பூட்டின் சாவியும் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கி நிற்கிறது. இரு தரப்புக்கும் முழு மனநிறைவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஏற்பாடு உடையவில்லை.

நடுப்புள்ளியைப் பிடிப்பதுதான் சமரசம் என்ற தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் அரசுச் செலவில் 20 விழுக்காடு வெட்டு கேட்கிறார், மற்றவர் வெட்டே கூடாது என்கிறார், 10இல் முடிக்கிறோம் என்றால், அடுத்த ஆண்டு முதலாமவர் 40இல் தொடங்குவார். அதிகம் கேட்டவருக்குப் பரிசு கொடுக்கும் முறை அது. மிதமாகக் கேட்டவரைத் தண்டிக்கிறது. அனுபவமுள்ள பேச்சுவார்த்தையாளர்கள் ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுவதில்லை. ஏழெட்டு விஷயங்களை ஒன்றாக மேசைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு தரப்பும் தனக்கு எது உயிர், எது இருந்தால் நல்லது, எது போனாலும் பரவாயில்லை என்று தனியே வரிசைப்படுத்தும். இருவருக்கும் உயிரான விஷயம் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. தன் பட்டியலில் ஏழாவதாக உள்ளதைக் கொடுத்து, எதிராளியின் ஏழாவதும் தன் முதலாவதுமான ஒன்றை வாங்குவதே தேர்ந்த சமரசம். இருவரும் பாதி பாதியாக இழக்க வேண்டியதில்லை.

நிறவெறி ஆட்சியிலிருந்து வெளியேற தென்னாப்பிரிக்காவில் 1992 முதல் 1996 வரை நடந்தது இதற்கு நல்ல பாடம். வெள்ளையர் கட்சி நிரந்தர அதிகாரப் பகிர்வு கேட்டது. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் பெரும்பான்மை ஆட்சியைக் கேட்டது. காங்கிரஸின் கூட்டாளியான கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ முன்வைத்த யோசனை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கூட்டு அரசு, பழைய அரசு ஊழியர்களின் வேலைக்குப் பாதுகாப்பு. நிரந்தரம் என்பது ஐந்தாண்டுக் கெடுவானது. அச்சத்தில் இருந்தவர்கள் வீதிக்கு இறங்காமல் இருக்கக் காரணம் கிடைத்தது. 34 அரசியலமைப்புக் கோட்பாடுகளை முன்கூட்டியே எழுதிவைத்து, புதிய அரசியலமைப்பு அவற்றுக்குப் பொருந்துகிறதா என்று சொல்லும் அதிகாரத்தை அரசியலமைப்பு நீதிமன்றத்திடம் கொடுத்தார்கள். 1996 செப்டம்பரில் அந்த நீதிமன்றம் முதல் வரைவை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. திருத்தியதை டிசம்பரில்தான் ஏற்றது. பூட்டு உண்மையிலேயே வேலை செய்யும் என்று எல்லோருக்கும் தெரிந்தது அந்த மறுப்பால்தான். பொருளாதார ஏற்றத்தாழ்வை இந்த ஏற்பாடு போதிய அளவு தொடவில்லை என்ற விமர்சனம் அங்கே இன்றும் உண்டு. அது நியாயமான விமர்சனம்.

துனிசியாவில் இதற்கு எதிரானது நடந்தது. 2014 ஜனவரியில் 216 உறுப்பினர்களில் 200 பேர் ஆதரித்து அரசியலமைப்பு நிறைவேறியது. இணக்கத்துக்கு உதவிய நான்கு அமைப்புகளுக்கு 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த அரசியலமைப்பே கேட்ட அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்சிகள் அமைக்கவே இல்லை. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு சேரவில்லை. 2021 ஜூலையில் அதிபர் நாடாளுமன்றத்தை முடக்கியபோது, அது செல்லுமா என்று தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இல்லை.

எல்லாச் சமரசமும் நல்லதல்ல. 1787இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள், பிரதிநிதிகள் எண்ணிக்கைக்காக அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட ஒப்புக்கொண்டார்கள். அந்த அறையில் அடிமைகள் இல்லை. 1938இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்தை ஹிட்லருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டன; அந்த நாடு பேச்சு மேசையில் இல்லை. ஆறே மாதத்தில் ஹிட்லரின் படை பிராகா நகருக்குள் நுழைந்தது. விலை கொடுப்பவர் அறைக்கு வெளியே நிற்கிறார் என்றால் அதற்குச் சமரசம் என்று பெயர் சூட்டக் கூடாது. எண்ணப்பட்ட வாக்கு, நீதிமன்றத் தீர்ப்பு, ஒருவரின் குடியுரிமை இவற்றில் பாதிப் பாதி பேசவும் இடமில்லை. மிதவாதி இந்த இடத்தில் கடுமையாகத்தான் நிற்க வேண்டும்.

இன்னொரு எதிர்வாதமும் வலுவானது. மையக் கட்சிகள் எப்போதும் சேர்ந்தே ஆண்டால், மாற்று வேண்டும் என்பவருக்கு விளிம்புக் கட்சிகளே கதி. ஆஸ்திரியாவில் இரு பெரிய கட்சிகள் 1987 முதல் கூட்டாக ஆண்டன. 1999 தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சி 26.9 விழுக்காடு பெற்று இரண்டாம் இடம் பிடித்தது. 2016 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றுக்கு அந்த இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர் ஒருவர்கூட வரவில்லை. வட அயர்லாந்தில் 1998 ஒப்பந்தம் சுமார் 3,500 உயிர்களைப் பலிகொண்ட மோதலை அடக்கியது. ஆனால் பிரிட்டனோடு இருக்க விரும்புவோர், அயர்லாந்தோடு சேர விரும்புவோர் என்ற இரு சமூகங்களும் இணைந்தே ஆள வேண்டும் என்ற விதியால், ஒரு பெரிய கட்சி வெளியேறினாலே ஆட்சி நின்றுவிடுகிறது. 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் அப்படித்தான் நின்றது. ஆகவே சமரசம் விஷயவாரியாக இருக்க வேண்டும். எதிர்க்கட்சி எதிர்க்கட்சியாகவே கண்ணில் பட வேண்டும். தடுக்கும் உரிமை எந்தெந்த விஷயங்களுக்கு என்பது குறுகலாக எழுதப்பட வேண்டும்.

நவீன காலத்தில் கடினமாகிப்போனது பேசும் இடம். ஜெர்மனியில் இரு அவைகளும் முட்டிக்கொண்டால் மசோதா 32 பேர் கொண்ட இணக்கக் குழுவுக்குப் போகும், அவைக்கு 16 பேர் வீதம். கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கும். மாநில அரசுகள் அனுப்பும் உறுப்பினர்கள் அங்கே தங்கள் அரசின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. முடிவு மட்டும் அவைக்கு வந்து வெளிப்படையாக வாக்கெடுப்புக்குப் போகும். பேச்சு மூடிய அறையில், முடிவு வெளிச்சத்தில் என்ற இந்த வரிசை முக்கியம். பேச்சையே நேரலையில் காட்டினால் உறுப்பினர் எதிரில் இருப்பவரிடம் பேச மாட்டார், தன் தொண்டரிடம் பேசுவார். இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் விலைபோவதைத் தடுக்க எழுதப்பட்டது; ஆனால் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்பதால், குழுவில் நயமாகப் பேசி இணங்கிய உறுப்பினர் அவையில் அந்த இணக்கத்துக்கு வாக்களிக்க முடியாமல் போகலாம். அரசு கவிழும் வாக்கெடுப்புகளுக்கும் நிதி மசோதாக்களுக்கும் மட்டும் அந்த உத்தரவைச் சுருக்கினால் குழுக்களுக்கு உயிர் வரும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் உடன்பாட்டைப் பற்றிய செய்தியில் யார் வென்றார், யார் பணிந்தார் என்ற தலைப்புக்குப் பதிலாக, எந்தத் தரப்பு எதைக் கொடுத்தது, அது எந்தத் தேதிக்குள் சட்டமாக வேண்டும், மீறினால் யார் தடுப்பார்கள், பேச்சில் சேர்க்கப்படாதவர்கள் யார் என்ற நான்கு விவரங்களையும் பெட்டிச் செய்தியாகக் கொடுங்கள். நாடாளுமன்றக் குழு அறிக்கைகள் வரும் நாட்களில், பின்னிணைப்பில் உள்ள மாற்றுக் கருத்துக் குறிப்புகளையும் தவறாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர்