நேட்டாலுக்குப் போன சின்னப் பாட்டியைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். என் அப்பாவின் பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தார். கல்யாணமான மறு வருஷமே புருஷனோடு தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேறியவர். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். இன்று அவர் எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார், எத்தனை பிள்ளை பெற்றார், என்ன பாடுபட்டார் என்பதெல்லாம் கையில் தாள்களாக இருக்கின்றன. ஒவ்வொரு தாளையும் யாரோ ஒருவர் மெனக்கெட்டுத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். போனில் சொன்ன நன்றி போதாது, நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் எங்கள் பெரியத்தைக்கு. நெல் அவிக்கும்போது கொதிநீர் கொட்டி, சின்னப் பாட்டிக்கு இடது மணிக்கட்டு வெந்துபோன கதையைத் தன் பாட்டியிடம் கேட்டு மனதில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கதை இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது.

ஏனென்றால், 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் நேட்டால் துறைமுகம் சேர்ந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். சின்னப் பாட்டிக்கு இருந்ததோ எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர். அதையும் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

நேட்டாலின் துறைமுக நகரமான டர்பனில், ஆவணக்காப்பகத்தில் உதவிய அம்மையார்தான் வழி காட்டினார். 'பெயரை விடுங்கள், தாலுகாவைப் பிடியுங்கள்' என்றார். கப்பல் பதிவேட்டில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்று அவர் வடிகட்டிக் கொடுத்த வரிகளில், 1899-ஆம் வருஷத்து வரி ஒன்றில் கடைசிக் கட்டத்தில் இருந்தது: இடது மணிக்கட்டில் தீத்தழும்பு. தகப்பன் பெயரும் சரியாக இருந்தது. அந்த நகலைப் பெரியத்தைக்குப் படித்துக் காட்டினபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிய வரலாற்றுப் பேராசிரியர் ஜாய் பிரெய்னுக்கும், அந்த வேலையில் கூட நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பதிவேட்டில் ஆளுக்கு ஒரு எண் போட்டிருந்தார்கள் என்றேன் அல்லவா, மனிதரை அப்படி எண்ணாக்கியது கொடுமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த எண்தான் சாகும்வரை அவர்கள் கூடவே போனது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளில் அதே எண்ணை வைத்துத் தேடிய ஆராய்ச்சி மாணவிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் எடுத்துத் தந்தது மூன்று பவுன் வரி சம்பந்தப்பட்ட கோப்பு (பவுன் என்றது தங்கத்தை அல்ல, இங்கிலீஷ் பணத்தை; ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங்). 1895-இல் வந்த சட்டம் அது. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல் இருந்தால் தலைக்கு வருஷம் மூன்று பவுன் கட்ட வேண்டும். பெண்களுக்கும் விலக்கு இல்லை. பதின்மூன்று வயதான பெண்பிள்ளையைக்கூட விடவில்லை. ஆண் கூலிக்கே முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங்தான், பெண்ணுக்கு அதில் பாதி. அந்தக் கணக்கில் மூன்று பவுன் என்றால் ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷ உழைப்பு. வரி 1914-இல்தான் ஒழிந்தது.

கோப்பில் சின்னப் பாட்டியின் வாக்குமூலம் இருக்கிறது. புருஷன் இறந்துவிட்டார், இரண்டு சின்னப் பிள்ளைகள், கட்ட வழியில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதியது, பத்து வரிகூட வராது. கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. அவர் வாயிலிருந்து வந்தது என்று எங்களுக்குக் கிடைத்தது அது மட்டும்தான். அதை எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் டர்பனுக்கு வடக்கே டொங்காட் என்ற ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா. சின்னப் பாட்டியின் மகன் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்ததால் அந்த மகன் இறந்தபோது சொத்துக் கோப்பு ஒன்று திறந்திருக்கிறார்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் தாய் பெயர், தகப்பன் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கோயில், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் விசாரித்து, கொள்ளுப்பேத்தியையே கண்டுபிடித்துவிட்டார் ஐயா. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொள்கிறோம். அவர்களுக்குத் தமிழ் வராது; ஆனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இன்றுவரை விடவில்லை.

சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் கட்டுக் கட்டாகக் கோப்புகளைச் சுமந்து வந்து தந்த ஊழியர்களுக்கும் நன்றி. சின்னப் பாட்டியின் பெயர் அங்கே இல்லை, ஆனால் கப்பலேறும் முன் கூலிகளைத் தங்கவைத்த கூலி டிப்போவில் ஆட்களைச் சேர்த்த முறையெல்லாம் அந்தக் காகிதங்களில்தான் புரிந்தது.

போளூர், ஆரணி, செய்யாறு பக்கத்திலிருந்து நேட்டால் போன சொந்தங்களைத் தேடுகிறவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். தகப்பன் பெயரும் கிராமத்தின் பெயரும் தெரிந்தால் போதும், பதிவேட்டில் எப்படித் தேடுவது என்று கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அங்க அடையாளம் ஏதாவது நினைவிருக்கிறதா என்று முதலில் கேட்டு வையுங்கள்.

நன்றியுடன்,
போளூர்க்காரன்