பேனா வாங்கவா பிளேன் ஏறினாய்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே?

போன வாரம் போனில் நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "பேனா வாங்கவா பிளேன் ஏறிப் போனே?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன். அதுவும் நீ கரித்துக்கொட்டிய பேனாக்களில் ஒன்றாலேயே.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேனா என்றேன் அல்லவா? பதினொன்று. மாமாவுக்கு எட்டாகவே இருக்கட்டும். விலை மட்டும் கேட்காதே, இரண்டு பேருக்கும் நல்லது.

நான் வந்து இறங்கியது குளிர்காலத்தின் நடுவில். மதியம் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவேன். நாள் முழுக்கத் திரை. வாடகை கட்டுவது, பஸ் டிக்கெட், டாக்டரிடம் நேரம் வாங்குவது, எல்லாம் போனைத் தட்டினால் முடிந்துவிடும். யாரிடமும் பேச வேண்டாம், எதையும் எழுத வேண்டாம். சௌகரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாலு மாதம் கழித்து ஓர் அலுவலகத்தில் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். அங்கிருந்த அம்மா என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை போடுங்கள்." மூன்று தடவை போட்டேன். மூன்றும் மூன்று பேர் போட்டது மாதிரி இருந்தது. கடைசியில் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் கையெழுத்தை நானே பார்த்துக் காப்பியடித்தேன். தன் கையெழுத்தைத் தானே கள்ளக் கையெழுத்தாகப் போட்டால் அது குற்றமா என்று மாமாவைக் கேட்டுச் சொல்.

அன்று சாயங்காலம் வாங்கியதுதான் முதல் பேனா. லாமி சஃபாரி. ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது, 1980-ல் வந்தது. பிளாஸ்டிக் உடம்பு. விரல் வைக்கும் இடத்தை முக்கோணமாகச் சீவியிருப்பார்கள், தப்பாகப் பிடிக்க விடாது. எனக்கு அப்போது அதுதான் தேவைப்பட்டது. அறைக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், மைப்புட்டியைத் திறந்தேன். மை படாத புது நிப் எப்படிப் பளபளக்கும் தெரியுமா? அதை மையில் முக்க மனசே வரவில்லை. முக்கிய பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன், என் பெயரை. ஒரு பக்கம் முழுக்க. அப்புறம் உன் பெயர். அப்புறம் என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள், நினைவில் வந்த வரைக்கும்.

அங்கேதான் சிக்கல் தெரிந்தது. கடைக்காரர் கொடுத்தது மீடியம் நிப். இந்த ஊர்க்காரர்கள் எழுத்துக்கு அது போதும். நம் எழுத்துக்கு? மூன்று சுழி ண-வில் சுழிகள் எல்லாம் அடைத்துக்கொண்டு கரும்பொட்டாகிவிட்டன. 'இ' உள்ளே மூடிக்கொண்டது. 'கண்ணன்' என்று எழுதிவிட்டு எது மூன்று சுழி, எது இரண்டு சுழி என்று எழுதியவனே தேட வேண்டியதாயிற்று. விசாரித்தால், ஜப்பான் பேனாவில் ஃபைன் நிப் வாங்கு என்றார்கள். ஐரோப்பாக்காரர்களின் ஃபைனைவிட அது ஒரு படி மெல்லியது. ஜப்பான்காரர்களும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடு இழுத்து எழுதுகிறவர்கள் ஆயிற்றே. அப்படி வந்தது இரண்டாவது பேனா, பிளாட்டினம் 3776. அந்த எண் ஃபுஜி மலையின் உயரம், மீட்டரில். மான்ட்பிளாங்க் பேனாக்காரர்கள் ஆல்ப்ஸில் இருக்கும் தங்கள் பெயர் மலையின் உயரம் என்று 4810-ஐ நிப்பிலேயே பொறித்துவிடுகிறார்கள். எழுதுகிற சாமானுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தமோ. ஆனால் இந்த நிப்பில் ண மூன்று சுழியோடு வந்து விழுந்தபோது எனக்கும் ஏதோ மேலே ஏறி நின்றது போலத்தான் இருந்தது.

நாம் பள்ளியில் ஃபில்லரால் மை ஊற்றி, எழுதவில்லை என்றால் உதறி, முன் பெஞ்சுக்காரன் சட்டையில் புள்ளி வைத்தோமே, அது ஏன் நடந்தது என்று இத்தனை வயதுக்கு அப்புறம் தெரிந்துகொண்டேன். மை கீழே இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று மேலே போக வேண்டும். காற்றுக்கு வழி இல்லையென்றால் மை வராது, வழி அதிகமானால் கொட்டும். நிப்புக்கு அடியில் வரிவரியாக ஒரு கட்டை இருக்கிறதே, அதன் வேலையே இந்த இரண்டையும் சமன் செய்வதுதான். 1884-ல் வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது இப்படி ஒரு கட்டைக்குத்தான். அவருக்கும் முன்னால், 1827-ல், பொயெனாரு என்ற ருமேனியர் தானாக மை ஊறும் பேனாவுக்குப் பிரான்ஸில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அப்போது அவர் பாரிஸுக்குப் படிக்கப் போயிருந்தவர். பாடக் குறிப்பு நிறைய எழுத வேண்டியிருந்ததால் கண்டுபிடித்தார் என்பார்கள். வீட்டுக்கு எழுதத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

புதுப் பேனாவோடு நிறுத்தியிருந்தால் உன் கேள்விக்கு இடமில்லை. பழசு வந்ததுதான் வினை. இங்கே மாதம் ஒரு சனிக்கிழமை பேனாப் பித்தர்கள் கொஞ்சம் பேர் கூடுவார்கள். என் அலுவலகத்தில் ஒருவர் என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு அழைத்துப் போனார். பெரிய மேசை, ஆளுக்கு ஒரு சுருட்டி வைக்கும் துணிப்பை, அதை விரித்தால் வரிசையாகப் பேனாக்கள். மற்ற இடங்களில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த நாடு?" இங்கே முதல் கேள்வி "என்ன நிப்?" எந்த நாடு என்று கேட்க அவர்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதுவும் நான் எழுதிப் பார்த்த தாளில் இருந்த எழுத்து என்ன மொழி என்று தெரிந்துகொள்ளத்தான். ஒருவர் தன் பேனாவை என்னிடம் தந்து, "அந்தச் சுருள் எழுத்தை இதில் எழுதிக் காட்டு" என்றார். ணௌ எழுதிக் காட்டினேன். வாயடைத்துப் போனார்.

அவர்களிடம்தான் பழைய பேனாக்களின் பாடம் படித்தேன். செல்லுலாய்டு பேனாவை விரலால் சூடு பறக்கத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் கற்பூரம் மணக்கும். பொய்யில்லை, செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். எண்பது வயதுப் பேனாவிலும் அந்த மணம் ஒளிந்திருக்கிறது. கற்பூரம் மாதிரியே தீயும் பற்றும், அதனால் நெருப்புப் பக்கம் போகக் கூடாது.

பாடம் கேட்டாலும் நான் கெடுத்த பேனா ஒன்று உண்டு. எபோனைட் பேனா, ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்தது. கன்னங்கரேல் என்று பட்டு மாதிரி இருந்தது. உள்ளே காய்ந்த மை போகட்டும் என்று முழுப் பேனாவையும் ராத்திரி தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் எடுத்தால் காய்ந்த சாணி நிறம். வெயிலும் ஈரமும் பட்டால் எபோனைட் வெளுத்துவிடும் என்பது அந்த மேசையில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவராக அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போதும் எழுதுகிறது. அழகு போனால் என்ன, வேலைக்குப் போய் வருகிறது.

இனி உனக்குச் சொல்ல வந்த விஷயம். பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த சாவிகளுக்கு நடுவே ஒரு டப்பாவில் அது கிடந்தது. மூக்கு மூடிய நிப், தடித்த சாம்பல் நிற உடம்பு, உலோக மூடி. பார்த்ததும் உன் ஹீரோ பேனா என்று நினைத்துவிட்டேன். நான் கீழே போட்டு நிப்பை வளைத்தேனே, அதே பேனா. நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கையில் எடுத்தால் பார்க்கர் 51. ஹீரோவை எதைப் பார்த்துச் செய்தார்களோ அந்த மூலப் பேனா, 1941-ல் சந்தைக்கு வந்தது. 51 என்பது கம்பெனிக்கு ஐம்பத்தோராவது வயது நடந்தபோது வடிவம் பெற்றதால் வைத்த பெயர். எழுதியவுடன் காய்கிற மைக்காகச் செய்தார்கள். நிப்பிலேயே மை காய்ந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் அந்த மூக்கு மூடி. பள்ளிக்கூடத்தில் அது அழகுக்கு என்று நினைத்திருந்தோம்.

விற்றவருக்கு அது எழுதுமா என்று தெரியாது. எனக்கும் தெரியாது. பழைய பேனா வாங்குவதில் அந்தத் தெரியாமைதான் பாதி ருசி. வீட்டுக்கு வந்து குளிர்ந்த தண்ணீரில் மூக்கை மட்டும் நனைத்து வைத்தேன் (ஒரு தடவை சுட்டுக்கொண்டவன்). முதல் நாள் தண்ணீர் கருநீலமாயிற்று. மாற்றினேன். மறுநாளும் நீலம். ஐந்து நாள், அக்கா. யாரோ ஒருவர் எழுதாமல் விட்ட மை அது. ஆறாம் நாள் தண்ணீர் தெளிந்தது. உள்ளே இருக்கும் பட்டையை அழுத்தினேன், மை ஏறியது. தாளில் வைத்தேன், ஒன்றுமில்லை. இன்னொரு கோடு. மூன்றாவது கோட்டில் திடீரென்று ஈரமாக ஓடியது பார், அறையில் தனியாக இருந்த நான் சத்தமாகவே "அப்பாடா" என்றேன்.

உடம்பில் இரண்டு இனிஷியல் பொறித்திருக்கிறது. சேகரிப்பவர்களுக்கு அது பிடிக்காது, மதிப்புக் குறையும் என்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. முதலில் ஒரு வாரம் கீறிக்கொண்டே இருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. எத்தனை வருஷம் எழுதினால் அந்த உலோகம் தேயும்! என் பிடி அதற்கு ஒத்துவரவில்லை. "பேனாவை யாருக்கும் கொடுக்கக் கூடாது, நிப் கை மாறிவிடும்" என்று நீ என்னை விரட்டுவாய் அல்லவா? ஒருவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அது உன் பேனாவைக் காப்பாற்ற நீ வைத்திருந்த சாக்கு, எனக்குத் தெரியும். ஆனால் வருஷக்கணக்கில் எழுதினால் நீ சொன்னது நிஜம்தான்.

அந்தப் பேனாவில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை கழுவிக் காயவைத்து இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்பிவிடுவேன். மை ஊற்றி அனுப்பவில்லை. பிளேனில் மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளிவிடும். ஹீரோவுக்குப் பதில் என்று வைத்துக்கொள். மாமாவிடம் பத்து என்று சொல்லலாம், இப்போது அது உண்மை.

சாதாரணப் பேனா மை மட்டும் ஊற்று. படம் வரைகிற இந்தியன் இங்க் வேண்டாம், உள்ளே போய்க் கட்டியாகிவிடும். முன்பக்கத்தைத் திருகிப் பார்க்காதே. பதிலை அதிலேயே எழுது. கீறினால் அழுத்தாதே, பேனாவைக் கொஞ்சம் இடது பக்கம் உருட்டிப் பிடி. அந்த மனுஷர் அப்படித்தான் பிடித்திருக்கிறார்.

அன்புடன்,
தம்பி