காலை 6.30 மணி வகுப்பைக் கைவிடுங்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் வணக்கம்.

நான் பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது கல்லூரியில் முதலாண்டு. வரும் ஜூனில் என் தம்பி பிளஸ் டூ போகிறான். அவனைப் போன்றவர்களுக்கான கால அட்டவணையை இந்த வாரங்களில்தான் நீங்கள் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அது நோட்டீஸ் போர்டுக்கு வருவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

போன வருடம் என் நாள் இப்படி இருந்தது. 4.45க்கு அலாரம். 5.45க்குத் தெருமுனையில் வேன். 6.30க்குச் சிறப்பு வகுப்பு. மாலையில் பள்ளி விட்டதும் தினத் தேர்வு, அது முடிய 6 மணி. அங்கிருந்து நேராக டியூஷன். வீட்டுக்கு வர 9 மணி. சாப்பிட்டு, குளித்து, மறுநாள் டெஸ்ட்டுக்குப் படித்து முடிக்க 11.30 ஆகும். அதன்பின் பாயில் படுத்தால் தூக்கம் வராது. ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே 1 மணி, சில நாள் 2 மணி. இன்னும் மூன்று மணி நேரத்தில் அலாரம் அடிக்கும் என்று மனசு கணக்குப் போடும். கணக்குப் போடப் போட, வருகிற தூக்கமும் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகல் 12 வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்குவேன். அன்று ராத்திரி சுத்தமாகத் தூக்கம் வராது. திங்கட்கிழமை மறுபடி 4.45.

வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. அம்மா பாலில் கசகசா அரைத்துக் கொடுத்தார், உச்சந்தலையில் எண்ணெய் வைத்தார். அப்பா என் செல்போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். செல்போன் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் கெடுத்திருக்கிறது. ஆனால் அது பூட்டிக் கிடந்த இரண்டு மாதமும் நான் விழித்துத்தான் கிடந்தேன்.

வேதியியல் செய்முறை வகுப்பு ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெர்மாங்கனேட் கரைசலைப் பியூரெட் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும் டைட்ரேஷன். வெளிர் இளஞ்சிவப்பு நிறம் வந்து நிலைத்ததும் பியூரெட்டை மூட வேண்டும். நின்றபடியே என் கண் மூடிவிட்டது. திறந்தபோது குடுவை முழுக்க அடர் ஊதா. ஆசிரியர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். "ராத்திரி எல்லாம் என்ன பண்றே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் பதில் இல்லை. தூங்கத்தான் முயற்சி பண்றேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அம்மா ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். அவர் சொன்னபிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்புறம் நானே தேடிப் படித்தேன். மூளைக்குள், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, உடம்பின் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். இருட்டியபின் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து, ராத்திரி ஆகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும். பருவ வயதில் இந்தச் சுரப்பு தள்ளிப்போகிறது, சிலருக்கு இரண்டு மணி நேரம் வரைக்கும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடன் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது. அப்பாவுக்கு 10 மணிக்குக் கண் சொக்குகிறதென்றால், அதே வீட்டில் எனக்கு 11.30க்கும் சொக்காததற்கு உடம்பே காரணம். அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ சொல்லாதீர்கள்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எனக்குக் கிடைத்தது 3 அல்லது 4. அதிலும், கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில்தான் வருமாம். அதைத்தான் 4.45 அலாரம் வெட்டி எறிந்துகொண்டிருந்தது. படித்ததை மூளை பத்திரப்படுத்துவது தூக்கத்தில்தான். படிக்க வைப்பதற்காகவே எங்களை எழுப்பினீர்கள், ஆனால் முந்தின நாள் படித்ததும் அதோடு போனது.

விடியற்காலையில் படித்தால் மனதில் பதியும் என்று நீங்கள் சொல்வீர்கள். என் தாத்தாவும் அதைத்தான் சொல்வார். தாத்தா 4 மணிக்கு எழுந்தவர்தான். ஆனால் 7 மணிக்குச் சாப்பிட்டு 8 மணிக்கெல்லாம் கட்டிலில் சாய்ந்துவிடுவார். முழுசாக எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு எழுந்த மனிதர் அவர். எங்களுக்கு அவருடைய விடியற்காலையை மட்டும் கொடுத்தீர்கள், அவருடைய முன்னிரவு டியூஷனுக்குப் போய்விட்டது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2014லேயே, வளரிளம் பிள்ளைகளின் பள்ளி காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றது. கலிபோர்னியா மாநிலம் 2019இல் அதற்குச் சட்டம் போட்டது, 2022இல் அது நடைமுறைக்கு வந்தது. தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று அங்கேயும் பயந்தார்கள். சியாட்டில் நகரம் 2016இல் 7.50ஐ 8.45 ஆக்கியது. ஆய்வு செய்து பார்த்ததில், மாணவர்கள் ஒரு நாளைக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியிருந்தார்கள். நம் நாட்டிலும் இந்தப் பேச்சு வந்தாயிற்று. மகாராஷ்டிர அரசு 2024இல், நான்காம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வகுப்பு 9 மணிக்கு முன் வேண்டாம் என்று உத்தரவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது சரி. கடிகாரம் தள்ளிப்போகிற வயதில் இருப்பவர்களை அதில் விட்டுவிட்டார்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

எனக்கு ஆறவே ஆறாதது வேறொன்று. தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிகளில் முதல் மணி 9 மணியை ஒட்டித்தான் அடிக்கிறது. கலிபோர்னியாக்காரர்கள் போராடிச் சட்டம் போட்டு வாங்கிய நேரம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது! சட்டம் வேண்டாம், செலவு வேண்டாம். சிறப்பு வகுப்பு என்ற பெயரில் நாமே அதைக் கொண்டுபோய்த் தொலைக்கிறோம்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே வேன் இரண்டு நடை அடிக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி 6 மணிக்கு வகுப்பு வைத்தால், நம் பள்ளியில் ஏன் இல்லை என்று பெற்றோரே வந்து கேட்கிறார்கள். ஆசிரியர்களும் விரும்பி அந்நேரத்துக்கு வருவதில்லை. வீட்டில் சமைத்து வைத்துவிட்டு ஓடிவந்த எங்கள் கணித ஆசிரியையின் கண்களும் எங்களைப் போலவே சிவந்திருக்கும். அதனால்தான் ஒரு பள்ளியை மட்டும் கேட்காமல் எல்லோரையும் சேர்த்துக் கேட்கிறேன்.

எனக்கு எது உதவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் மாத்திரை தரவில்லை. ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழச் சொன்னார். ஸ்டடி லீவ் விட்டபிறகுதான் அது என்னால் முடிந்தது: தினமும் 6.30. எழுந்ததும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் வெயிலில் நடந்தேன். டியூஷன் இடைவேளையில் குடித்துவந்த 7 மணி டீயை நிறுத்தினேன். அதன் கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்குமாம். படிப்பதும் படுப்பதும் ஒரே பாயில் என்பதை மாற்றினேன், படிக்க நாற்காலி, தூங்க மட்டும் பாய். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், கண் சொக்கியபிறகுதான் உள்ளே போவேன். கடிகாரத்தை அடுத்த அறைக்கு மாற்றினோம். மூன்று வாரத்தில் 11 மணிக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. அதே புத்தகம்தான், ஒரு தடவை படித்தால் மனதில் நின்றது. அந்த நாள் அம்மா அழுதுவிட்டார்.

இதில் ஒன்றைக்கூட பள்ளி நாட்களில் என்னால் செய்ய முடிந்ததில்லை. அதற்காகத்தான் கேட்கிறேன். சிறப்பு வகுப்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மாலையில் வையுங்கள், தினத் தேர்வைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே முடியுங்கள். காலை 8.30க்கு முன் எங்களை வரச் சொல்லாதீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால் வெளியே நிற்க வைக்காமல், தனியாகக் கூப்பிட்டு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேளுங்கள். பல வாரமாகத் தூக்கமே இல்லை, மனசும் சரியில்லை என்று சொன்னால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, கொடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். எனக்கு அந்த எண் அப்போது தெரியாது.

தம்பி இப்போதே ராத்திரி 12 வரை விழித்திருக்கிறான். ஜூனில் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று நேற்று அம்மா டிரைவர் அண்ணனிடம் கேட்டார். பள்ளியில் இன்னும் நேரம் சொல்லவில்லை என்றாராம்.

இப்படிக்கு,
பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி