தேர்வு எழுதித் தர ஆள் தேடுவது மாணவரின் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செமஸ்டர் தேர்வு நெருங்கினால் என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான செய்திகள் வர ஆரம்பித்துவிடும். 'நாளைக் காலை தேர்வு, வருவதாகச் சொன்ன ஸ்க்ரைப் வரமுடியாது என்கிறார், யாராவது கிடைப்பீர்களா?' பார்வையற்ற மாணவர்கள், தசைச் சிதைவாலோ கை நடுக்கத்தாலோ பேனா பிடிக்க முடியாதவர்கள், டிஸ்லெக்ஸியா இருப்பதால் எழுதுவது பெரும்பாடாக இருப்பவர்கள், இவர்கள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதித் தருபவர்தான் ஸ்க்ரைப். பல வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். போன முறை ஒரு மாணவி இரவு பத்து மணிக்கு மேல் ஃபோன் செய்தார். சாயங்காலத்திலிருந்து யார் யாரையோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், எனக்கு முன்னால் எத்தனை பேர் முடியாது என்றார்கள் என்று அவருக்கே கணக்கு தெரியவில்லை. அவருடைய வகுப்பில் மற்ற எல்லோரும் அந்த நேரத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஸ்க்ரைப் தேடுவது மாணவரின் வேலையாக இருக்கக் கூடாது. அது கல்லூரியின் வேலை. கேள்வித்தாளையும் மேஜையையும் மின்விளக்கையும் மாணவரையா கொண்டுவரச் சொல்கிறோம்?

ஆள் கிடைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்க்ரைப் விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில், அந்தப் பாடம் தெரியாதவராக, கீழ் வகுப்பில் படிப்பவராகப் பார்த்து அழைத்து வரச் சொல்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவு என்ன தெரியுமா? ஒரு புள்ளியியல் தேர்வில் அந்த மாணவர் 'எக்ஸ், கீழே சின்னதாக ஐ' என்றார். நான் இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டேன், பெருக்கல் மாதிரி. அவரால் பார்த்துத் திருத்த முடியாது, எனக்கோ அது தப்பு என்றே தெரியாது. ஒரு பக்கம் முடிந்து நான் திரும்ப வாசித்துக் காட்டியபோதுதான் இருவருக்கும் புரிந்தது, முழுக் கணக்கையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினோம். தப்பு செய்தது நான், நேரம் போனது அவருக்கு. தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மணி நேரம் எங்களைச் சேர்த்து உட்கார வைத்திருந்தால், எந்தக் குறியீட்டை அவர் எப்படிச் சொல்வார், வரைபடத்தை எப்படி விவரிப்பார் என்று பழகியிருப்பேன். மாணவரும் ஸ்க்ரைபும் தேர்வறை வாசலில்தான் முதல்முறையாகப் பெயரே கேட்டுக்கொள்கிறார்கள், பல நேரங்களில் அப்படித்தான் நடக்கிறது.

ஸ்க்ரைப் வைத்து எழுதுபவர்களுக்குத் தரும் கூடுதல் நேரத்தைச் சலுகை என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்து எழுதுபவர், தான் முந்தின பத்தியில் என்ன எழுதினோம் என்று ஒரு நொடியில் பார்த்துக்கொள்வார். நான் எழுதித் தரும் மாணவருக்கு அந்த ஒரு நொடி நான் வாசித்துக் காட்டும் இரண்டு நிமிடம். கேள்வித்தாளை முழுக்க ஒருமுறை வாசிக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு கேள்வியையும் தனியாக மறுபடி வாசிக்க வேண்டும், பெயர்ச்சொற்களுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். தனி அறை தருவதும் இப்படித்தான், இரண்டு பேர் பேசிக்கொண்டே எழுதும் தேர்வு அது. ஒருமுறை நடையோரமாக மேஜை போட்டுக் கொடுத்தார்கள், மூன்று மணி நேரமும் கிசுகிசுத்தே எழுதினோம்.

சரி, எல்லோருக்கும் ஸ்க்ரைப்தான் வேண்டுமா? இல்லை. வருடம் முழுக்க, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் போட்ட மடிக்கணினியில் குறிப்பெடுத்து, கட்டுரை தட்டச்சு செய்து பழகிய மாணவரைத் தேர்வன்று மட்டும் வாயால் சொல்லச் சொல்கிறோம். யோசித்து எழுதுவதும் யோசித்துச் சொல்வதும் வேறு வேறு திறமை. செலவு ஆகும் என்று கல்லூரிகள் சொல்ல முடியாது, ஏனென்றால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் அதை எழுத ஆரம்பித்தார், ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார், இருவருமே பார்வையற்றவர்கள். இணைய இணைப்பைத் துண்டித்த ஒரு கணினி, ஒரு ஹெட்ஃபோன், அப்புறம் எழுத்துவடிவில் ஒரு கேள்வித்தாள், இவ்வளவுதான். ஸ்கேன் செய்த படத்தை பிடிஎஃப் என்று கொடுத்தால் திரைவாசிப்பானால் அதை நேரடியாகப் படிக்க முடியாது, அதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். பார்வையைச் சமீபத்தில் இழந்தவர்களுக்கும் தட்டச்சு பழகாதவர்களுக்கும் ஸ்க்ரைப் தேவைப்படும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர் மாணவராக இருக்கட்டும்.

இதையெல்லாம் இரக்கப்பட்டுச் செய்ய வேண்டியதும் இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பரில் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2008-ல் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதர மறுப்பதே பாகுபாடு என்று அதன் இரண்டாவது பிரிவு சொல்கிறது, அது உயர்கல்விக்கும் பொருந்தும் என்பது 24-வது பிரிவில் இருக்கிறது.

மாணவரின் தனிப்பட்ட பாடு கல்லூரியின் ஏற்பாடாக மாறுவது நடக்காத காரியமும் இல்லை. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் தூங்கும்போது மூச்சுவிட உதவிய இரும்பு நுரையீரல் இயந்திரத்தின் எடையை விடுதியின் தளம் தாங்காது என்பதால் வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். பிறகு இன்னும் சிலர் அங்கே வந்து சேர்ந்தார்கள், 1970-ல் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென ஒரு திட்டமே அங்கே தொடங்கியது. உதவியாளர் ஏற்பாடு செய்வது, சக்கர நாற்காலி பழுது பார்ப்பது எல்லாம் அதன் வேலை.

நம் கல்லூரிகள் செய்ய வேண்டியது இதைவிடச் சின்னது. சேரும்போதே ஒருமுறை என்ன தேவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய்த் தன் உடல்நிலையை விளக்க வைக்காதீர்கள். அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே கேட்காமல் விட்டுவிடும் மாணவர்கள் உண்டு, வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் முக்கியமாக. ஸ்க்ரைப் பட்டியலைக் கல்லூரியே வைத்திருக்கட்டும், ஊதியம் கொடுக்கட்டும், ஒருவர் வராமல் போனால் அனுப்ப இன்னொருவரைத் தயாராக வைத்திருக்கட்டும்.

அப்படி ஒரு பட்டியலை எந்தக் கல்லூரி தொடங்கினாலும் என் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். கணக்குத் தாள் என்றால் மட்டும் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், அந்த மாணவரோடு உட்கார்ந்து குறியீடுகளைப் பழகிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தேர்வு எழுதித் தரும் ஒரு வாசகர்