திருகோணமலை டைவிங் நிலையக்காரருக்கும் சங்குப் படகு முதலாளிமாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணன்மாரே,

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவர்களுக்கும், சங்குக்கும் கடலட்டைக்கும் பொடியன்களை இறக்குகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சிலிண்டரும், அதிலிருந்து வாய்க்குக் காற்றை அளந்து கொடுக்கிற ரெகுலேட்டரும் வாடகைக்கு விடுகிற விளையாட்டுச் சாமான் இல்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுக் கொடுக்கிற மெஷினை எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்க்க வேண்டிய உயிர்காப்புக் கருவி.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "அதெல்லாம் சர்வீஸுக்குக் காசு பிடுங்கக் கம்பனிக்காரன் கட்டின கதை, பழகினவன் 18 மீட்டரில் காற்று நின்றாலும் மேலே வந்துவிடுவான்." கம்பனிக்காரரைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, உதிரிப்பாகத்தைக்கூட வெளியாருக்கு விற்கமாட்டோம் என்று அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. ஆனால் மேலே வருகிற கதை? மூச்சை விட்டுக்கொண்டே நிதானமாக வந்தால் வரலாம். பதறிப்போய் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால் நெஞ்சுக்குள் இருக்கிற காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும், ஏனென்றால் 10 மீட்டரிலேயே அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. காலையிலிருந்து சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்கின அட்டைப் பொடியனுக்கோ உடம்பெல்லாம் நைதரசன் ஊறிக் கிடக்கும், அவன் ஒரேயடியாக மேலே வந்தால் அது உடம்புக்குள் குமிழியாகிக் கால் விழுந்துபோய் ஆயுசுக்கும் நடக்க முடியாமல் கிடக்கலாம்.

காலில் மாட்டுகிற துடுப்புக் கிழிந்தால் யாரும் சாகப்போவதில்லை. அதனால் எல்லாச் சாமானையும் நான் சொல்லவில்லை, மூச்சு வருகிற வழியைத்தான் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 சட்டம், உயிரையே பறிக்கக்கூடிய ஆபத்துகளுக்கான மூன்றாம் வகைப் பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றிச் சொல்லும்போது, நீரில் மூழ்கிச் சாவதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

எனக்குப் பெரிய பயம் காற்றைப் பற்றித்தான். சிலிண்டருக்குக் காற்று அடைக்கிற கொம்பிரசர் காற்று இழுக்கிற குழாய்க்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் புகையும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். காலையில் சரியாக இருந்த இடம், கச்சான் காற்று திரும்பி வீசினால் சரியில்லாமல் போய்விடும். அந்தப் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டு என்ற நச்சுக்காற்றுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. சுவாசக் காற்றில் அது பத்து இலட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பியத் தரம், 30 மீட்டரில் அந்தக் கொஞ்சமே நான்கு மடங்கு வேலை காட்டும்.

அப்புறம் ரெகுலேட்டர். சிலிண்டரில் பூட்டுகிற வாயில் சின்னதாக ஒரு உலோக வடிகட்டி இருக்கும், டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பிடித்திருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போய்ப் பித்தளையைத் தின்கிறது, செம்மண் நிறமாக இருந்தால் சிலிண்டருக்குள் துரு. பூட்டின பிறகு நாலு தடவை மூச்சு இழுத்தபடி காற்றழுத்தம் காட்டுகிற மீட்டரைப் பாருங்கள், முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சுவாமி மலைக்குக் கீழே கிடக்கிற கோணேசர் கோயில் இடிபாடுகளை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இறங்கிப் பார்த்தது 1950களில். அவ்வளவு காலமாகச் சிலிண்டர் கட்டி இறங்குகிற ஊரில் இன்னும் வெள்ளைக்காரருக்கு ஒரு செட், எங்கள் பொடியனுக்கு ஒரு செட் என்று நடக்கிறது. வெள்ளைக்காரருக்குக் கொடுக்கக் கூச்சப்படுகிற ரெகுலேட்டரைச் சங்குக்கு இறங்குகிறவன் வாயில் வைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவனும் மூச்சுத்தானே விடுகிறான்?

மே மாதம் சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் குத்தியிருக்கிற அழுத்தச் சோதனைத் திகதியைப் பாருங்கள், ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஒதுக்கி வையுங்கள். ரெகுலேட்டரைக் கடைசியாக எப்போது கழற்றிச் சர்வீஸ் பண்ணினது என்று எழுதி, இறங்குகிறவன் கண்ணில் படுகிற மாதிரிச் சுவரில் ஒட்டுங்கள். காற்றைச் சோதிக்கிற கருவி தனி ஆளுக்குச் செலவு அதிகம், சரி, நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாமே. யாராவது முன்னுக்கு வந்தால் என் பங்குக் காசையும் தருகிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலைச் சுழியோடி ஒருவன்